முறை இல்லாத நாளில் வந்த தண்ணீர்

மூன்று கோடைக்கு முன்னால் நடந்தது இது. கோயம்புத்தூரிலிருந்து வடக்கே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், பவானி ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிற ஒரு சின்ன நகராட்சியில் அப்போது நான் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அந்த வீதிக்காரர்கள் படித்தால் அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு சிங்காநல்லூரில் ஒரு மில், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை, திருப்பூரில் சாயப்பட்டறை, கொஞ்ச காலம் லாரியில் கிளீனர். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போய்விடலாம் என்று தோன்றும். பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இந்த ஊருக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். ஊர் முழுக்கப் புதிதாகக் குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலை. காண்டிராக்டரிடம் ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துகொண்டேன்.

என்னோடு ஒரு மேஸ்திரி இருந்தார். குழாயோடு குழாயை இணைக்கிற வேலை அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். கல்யாணம் ஆகவில்லை. ஒரு தங்கை மட்டும் உண்டு என்று தெரியும். சந்தைக்குப் பின்னால் ஒரு வீதியில், வரிசையாக ஆறு அறைகள் இருந்த லைன் வீட்டில் நானும் அவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குழிக்குள் இறங்கினால் அந்த ஊர் தண்ணீர் குடித்த கதை முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும். அடியில் கனமான இரும்புக் குழாய், துருவேறி மரப்பட்டை மாதிரி உரிந்துகொண்டிருக்கும். ஊருக்கு முதன்முதலாக ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தது அதில்தானாம். அதற்கு முன்னால் கிணறும் மாட்டு வண்டியில் வந்த தண்ணீர்ப் பீப்பாயும்தான். அந்த இரும்புக் குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி, பிற்பாடு வந்த சிமெண்டுக் குழாய். அதற்கும் மேலே, வீடுகள் பெருகிய காலத்தில் அவசரத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் குழாய். இதில் எது இன்னும் ஓடுகிறது, எது செத்துவிட்டது என்று பல இடத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடப்பாரை பட்டுத் தண்ணீர் பீச்சியடித்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உடனே நகராட்சியில் வால்வு திறந்துவிடுகிறவர் வண்டியில் பறந்து வருவார். மேஸ்திரிக்கும் அவருக்கும் வாரத்தில் இரண்டு சண்டையாவது நடக்கும்.

வீதிக்காரர்களுக்கும் எங்களைப் பிடிக்காது. வாசலைத் தோண்டிப் போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "ஏனுங்க, எங்கூட்டுக்காரர் வண்டிய வானத்துலயா ஓட்டீட்டு வருவாரு?" என்று ஒரு அம்மா தினமும் கேட்பார். மேஸ்திரி குழியிலிருந்து தலையை நீட்டி, "இன்னும் கொஞ்ச நாள்ல இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வரும்மா, அப்ப என்னை நெனச்சுக்குவ" என்பார். "நெனச்சுக்கறேன், நெனச்சுக்கறேன். மொதல்ல குழிய மூடுங்க" என்று பதில் வரும்.

அந்தக் கோடையில் நல்ல தண்ணீர் ஒவ்வொரு வீதிக்கும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறைதான். மற்ற புழக்கத்துக்கு போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீர். எங்கள் லைன் வீட்டு மோட்டார் புகைந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்ததால் எங்களுக்கு அதுவும் இல்லை. ஊருக்கே குழாய் போட்டுவிட்டு, குளிப்பதற்கு வேலை நடக்கிற இடத்திலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து வருவோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது.

அன்று வெயிலுக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டோம். கரிசல் மண். பழைய குழாய் கசிந்து குழிக்குள் முழங்கால் வரை சேறு. அதில் மண்டியிட்டு உட்கார்ந்துதான் மேஸ்திரி ரப்பர் வளையத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் மேலே இருந்தேன். "நெஞ்ச அடைக்குதுடா" என்றார். நான் குனிந்து பார்ப்பதற்குள் அப்படியே பக்கவாட்டில் சேற்றில் சாய்ந்துவிட்டார். நாலு பேர் இறங்கித் தூக்கி, ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. ஏற்கெனவே இதயத்துக்கு அங்கேதான் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அவர் போனிலிருந்தே தங்கைக்குச் சொன்னேன். "நாங்க வர்ற வரைக்கும் எதுவும் பண்ணிடாதீங்க. அண்ணன் முகத்த நான் பாக்கணும்" என்றார். புருஷனோடு உடனே பஸ் ஏறுவதாகவும் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னார். மேஸ்திரிக்குச் சொந்த ஊரில் வீடு வாசல் எதுவும் இல்லை, அதனால் இங்கேயே எரித்துவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து லைன் வீட்டு முற்றத்தில் கட்டிலில் கிடத்தினோம். காண்டிராக்டரின் ஆள் வந்தார், நின்றார், போன் பேசிக்கொண்டே போய்விட்டார். கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேர் பந்தலுக்குத் துணி வாங்கக் கிளம்பினார்கள். நான் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். தலைமுடி, காது, கழுத்து, விரல் இடுக்கு எல்லாம் சேறு. வெயிலில் காய்ந்து வெடித்து, உடம்பு முழுக்க ஒரு தோல் போர்த்தின மாதிரி இருந்தது. கரிசல் மண் காய்ந்துவிட்டால் லேசில் போகாது. அறைக்குள் கேனில் நாலு செம்புத் தண்ணீர்தான் இருந்தது. துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தேன். சேறு கரைந்து இன்னும் மோசமாகப் பரவியது. சாயங்காலம் அந்தப் பெண் வந்து பார்க்கப்போவது இந்த முகத்தைத்தான் என்று நினைத்தபோது கை ஓயவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வீட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இப்படித் தொடைச்சா எப்பங்க போறது? தலைக்கு ஊத்தோணும். தண்ணி ஆபீஸ்ல போயிச் சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றதுங்க்கா?"

"எழவுன்னு சொல்லுங்க. எழவு ஊட்டுக்கு மொறை கெடையாது. எந்த வீதியா இருந்தாலும் தொறந்து உடுவாங்க. எங்க மாமனாருக்கு அப்படித்தானுங்க வந்துச்சு."

அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகும் நம்பிக்கை வரவில்லை. இத்தனை ஊரில் எத்தனையோ ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன். முதலில் விலாசம் கேட்பார்கள். அப்புறம் வீட்டு வரி யார் பேரில் என்பார்கள். அப்புறம் உட்காரச் சொல்வார்கள். அக்காவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, வேறு வழி இல்லாமல்தான் கிளம்பினேன்.

ஊருக்கு நடுவில் மேல்நிலைத் தொட்டி. அதன் காலடியில் ஒரு சின்ன அறை, அதுதான் தண்ணி ஆபீஸ். வால்வுக்காரர் உள்ளே தரையில் உட்கார்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மறுபடியும் எங்கீங்க ஒடைச்சீங்க?" என்றார்.

"ஒடைக்கலீங்க. எழவு. சந்தைக்குப் பின்னால லைன் வீட்ல."

சோற்றை அப்படியே நிறுத்தினார். "யாருங்க?"

"மேஸ்திரிங்க."

"நம்ம மேஸ்திரியா? காதுல பென்சிலு வெச்சிருப்பாரே?"

தலையாட்டினேன். அவர் எழுந்து கை கழுவினார். "நேத்துக்கூட என்னய வாய்க்கு வந்தபடி திட்டுனாருங்க. போறப்பவும் என்னைச் சோறு திங்க உடலையே மனுசன்" என்றார். விலாசம் கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த நீளமான வால்வுச் சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டி எங்கள் வீதிக்குப் போகாமல் மேட்டு வீதிக்குப் போனது. வழியில் விஷயத்தைச் சொன்னார். அன்று முறை மேட்டு வீதிக்கு. தொட்டியில் தண்ணீர் குறைவு. இரண்டு பக்கமும் சேர்த்து விட்டால் பற்றாது, மேட்டை மூடிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திறக்கமுடியும். திறந்துவிட்டு இப்போதுதான் அரை மணி நேரம் ஆகியிருந்தது. பாதிப் பேர்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு நாள் காத்திருந்து தண்ணீர் பிடிக்கிற பெண்கள் முன்னால் போய் வால்வை மூடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போதாததற்கு, முந்தின வாரம்தான் அந்த வீதி முனையைத் தோண்டிப் போட்டிருந்தோம்.

வால்வுக் குழியின் மூடியைத் தூக்கியதுமே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? எங்க பக்கம் இன்னும் ஒரு கொடம் ரொம்பலையே!"

"கொஞ்ச நேரம் அம்மணி. எழவு. அங்க முடிஞ்சதும் மறுக்கா உடறேன்."

"யாரு ஊட்ல?"

"லைன் ஊட்ல இருந்தாருங்க. குழா போடற மேஸ்திரி."

பின்னால் நின்ற ஒருவர் கையை வீசினார். "வாடகைக்கு வந்து நாலு மாசம் இருக்கறவனுக்கெல்லாம் நம்ம தண்ணியா? தண்ணி லாரி சொல்லிக்க வேண்டியதுதானே?" சரிதானே என்று இரண்டு குரல்கள். அவர் சொன்னதில் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். பேசாமல் போய்விடலாம் என்று வால்வுக்காரரின் சட்டையைக்கூடப் பிடித்து இழுத்தேன்.

குழாயடியில் நிறைய குடங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். அதிகம் சத்தம் போட்டவரும் அவர்தான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க அவருக்கு என்ன ஆகோணும்?"

"கூட வேலை செய்யறவனுங்க."

"சொந்தபந்தம்?"

"தங்கச்சி பஸ்ல வந்துட்டிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க. குழிக்குள்ளயே விழுந்துட்டாருங்க. மேலெல்லாம் சேறு. அதோட காட்ட முடியாதுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். தூக்கும்போது ஒட்டிய சேறு என் மேலும் அப்படியே காய்ந்திருந்தது. பிறகு திரும்பிப் போய், குழாய்க்கு அடியில் பாதி நிறைந்திருந்த தன்னுடைய குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "கூடப் பொறந்தவ வர்றாளாம். எடுங்க எல்லாரும்" என்றார். லாரி சொன்னவரைப் பார்த்து, "நாளைக்கு உங்கூட்டுக்கும் வேணுமுங்க. அப்ப நான் லாரி சொல்லட்டுங்களா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வால்வுக்காரர் சாவியைத் திருக ஆரம்பித்ததும் அந்தப் பெண் மறுபடியும் கத்தினார். "அங்க முடிஞ்சதும் நேரா இங்க வரோணும். நடுவுல டீ குடிக்கப் போனீங்கன்னா தெரியும் சேதி!"

எங்கள் வீதிக்கு வந்து வால்வைத் திறந்தபோது உச்சி வெயில். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும். இருமுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு சீறல். சாதாரண நாளில் அந்தச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்கு வீடு பாத்திரம் உருளும், குடத்தோடு ஓட்டம் நடக்கும். அன்றும் கதவுகள் திறந்தன. ஆனால் யார் கையிலும் குடம் இல்லை. பெண்கள் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்று வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். யார் வீடு என்று தேடுகிறார்கள் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. முறை இல்லாத நாளில் குழாய் சீறினால் அந்த வீதியில் சாவு. வேறு சேதி சொல்லி அனுப்பத் தேவையில்லை.

ஒவ்வொருவராக லைன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வண்டியை வானத்திலா ஓட்டுவது என்று கேட்ட அம்மாவும் வந்தார். கட்டிலைப் பார்த்துவிட்டு, "அட, இவருங்களா" என்று சொல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

ஆண்கள் நாலைந்து பேர் கட்டிலைப் பொதுக் குழாய்க்குப் பக்கத்தில் தூக்கி வைத்துச் சுற்றிலும் வேட்டியால் மறைப்புக் கட்டினார்கள். இட்லிக் கடை அக்கா தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளும் ஒரு பெரிய அண்டாவும் கொடுத்தனுப்பினார். அவர் வீட்டுக்காரர் ஊற்ற, நான் தேய்த்தேன். முதலில் ஓடிய தண்ணீர் கறுப்பாக ஓடியது. அப்புறம் பழுப்பு. அரப்பைப் போட்டுத் தலையை இரண்டு தடவை அலசினோம். காதோரம் சேற்றோடு ஒட்டியிருந்த ஒரு சின்னத் துண்டுப் பென்சில் விழுந்தது. விழுந்து, தூக்கி, இத்தனை நடந்தும் அது அங்கேயே இருந்திருக்கிறது. அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நகத்தில் இருந்த அழுக்கு மட்டும் போகவில்லை. ஒருவர் வேப்பங்குச்சி ஒடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு விரலாக எடுத்தேன். குழாய்க்குத் தடவுகிற பசை, துரு, சிமெண்டு எல்லாம் வருடக்கணக்கில் அதில் ஏறியிருந்தது. நான் எடுத்து முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. வால்வுக்காரர் குழி ஓரத்தில் சாவியைப் பிடித்தபடியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கப் போகவில்லை.

முடிந்ததும் வாசலில் நின்றவர்களிடம் போய், "தண்ணி ஓடிட்டிருக்குதுங்க, பிடிச்சுக்குங்க" என்றேன். என்னால் அவர்களுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

"இன்னிக்கு எங்க மொறை இல்லீங்க. மேட்டு வீதியுது" என்றார் அக்கா.

கடைசி வீட்டுக்காரர் மட்டும் ஒரு பக்கெட் பிடித்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தாள். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வால்வுக்காரர் எங்கள் பக்கத்தை மூடிவிட்டு மேட்டுக்குக் கிளம்பினார்.

தங்கை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கவேண்டும். வேட்டி போர்த்தி, நெற்றியில் விபூதி வைத்துப் படுக்க வைத்திருந்தோம். அழுதார், ஓய்ந்தார், பிறகு அண்ணன் கையை எடுத்து மடியில் வைத்து விரித்துப் பார்த்தார். "எங்கண்ணன் கை இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லீங்க. எப்பவும் எதாவது ஒட்டிக்கிட்டே இருக்கும்" என்றார்.

பிறகு நிமிர்ந்து வாசலை நிறைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "இந்த ஊர்ல அண்ணன் ரொம்ப வருஷமா இருந்தாரா?" என்று என்னிடம் கேட்டார்.

நாங்கள் அங்கே வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆமாம் என்று சொன்னேன். இட்லிக் கடை அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரும், "ஆமாங் கண்ணு" என்றார். பென்சிலைத் தங்கையிடம் கொடுத்தேன். நகராட்சியின் மயானத்தில் இருட்டுவதற்குள் எரித்துவிட்டோம்.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? கொஞ்ச நாள் கழித்து மேட்டு வீதியைத் தோண்டும் வேலை வந்தது. அன்றைக்குச் சத்தம் போட்ட பெண் வாசலில் நின்று நான் கடப்பாரை போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, அன்னிக்கு எங்க கொடத்தைப் பாதியில நிறுத்துனவர்தானே நீங்க? எங்கூட்டு முன்னாடி நல்லா ஆழமாத் தோண்டிப் போடுங்க. கணக்கு தீர்ந்துரும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து குழிமேட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கும்போது எங்கள் பங்கு வேலை முடிந்தது. அந்த ஊரிலிருந்து மட்டும், போகலாம் என்று தோன்றாமலே போனேன். புதுக் குழாயில் இப்போது தினமும் தண்ணீர் வருகிறதா என்று தெரியாது. வரட்டும், அதற்குத்தானே அவர் சேற்றில் மண்டியிட்டார். நான் அதற்குப் பிறகும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்த ஊரில் இருந்தாலும், எதிர்பாராத நேரத்தில் குழாய் இருமித் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால், குடத்தை எடுப்பதற்கு முன்னால் வாசலுக்குப் போய் யார் வீடு என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.